மனோகர் தேவதாஸ்: மதுரையின் நிலக்காட்சி ஓவியர்

மனோகர் தேவதாஸ் (செப்டம்பர் 10, 1936 – டிசம்பர் 7, 2022) மதுரையில் பிறந்த ஓவியர், எழுத்தாளர், வேதியியலாளர். மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த வயல்வெளி, குன்று, நீர்நிலைகளையும் கறுப்பு மையில் நுண்ணிய கோட்டோவியங்களாக வரைந்தார். விழித்திரையைப் படிப்படியாகச் சிதைக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் நோயுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். பார்வை குறைந்துகொண்டே வந்த காலத்திலும் தொடர்ந்து வரைந்தார். 2020ஆம் ஆண்டு ஓவியத்துக்காக பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழகத்தின் நவீன ஓவிய வரலாறு பெரும்பாலும் சென்னைக் கலைக் கல்லூரியையும், 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் மையமாக வைத்து எழுதப்படுகிறது. தேவதாஸ் அந்த மரபைச் சேர்ந்தவர் அல்ல. அவர் கலைக் கல்லூரியில் பயிலவில்லை. ஓவியத்தைத் தொழிலாகவும் கொள்ளவில்லை. ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டகலாமல் வரைந்ததும், அதற்காகத் தன் கண்ணின் நிலைக்கேற்ற வரைமுறையைக் கைக்கொண்டதும் அவரைத் தனித்துக் காட்டுகின்றன.

பிறப்பு, கல்வி

மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தார். இளமைப்பருவம் முழுவதும் மதுரையில் கழிந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். அமெரிக்க மதுரை மிஷனால் 1881இல் பசுமலையில் தொடங்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகையின் வடகரையில் தல்லாகுளத்துக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. அதன் செங்கல் கட்டிடங்களும் மரங்கள் அடர்ந்த வளாகமும் பிற்காலத்தில் அவருடைய ஓவியங்களுக்குப் பொருளாயின.

தேவதாஸின் இளமைக்கால மதுரை பெரிய நகரம் அல்ல. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச்சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு உருவான வெளிவீதிகளைத் தாண்டினால், சற்றுத் தொலைவில் வயலும் கண்மாயும் தொடங்கிவிடும். மிதிவண்டி வைத்திருக்கும் சிறுவன் கோயில் கோபுரத்தையும் யானைமலையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். கிணற்றில் நீந்துவதும் குன்றில் ஏறுவதும் அன்றைய மதுரைச் சிறுவர்களின் அன்றாடத்தைச் சேர்ந்தவை. தேவதாஸின் ஓவியங்களும் எழுத்தும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை.

தனிவாழ்க்கை

கல்லூரிப் படிப்புக்குப் பின் தேவதாஸ் சென்னை சென்று, மின்கலம் தயாரிக்கும் நிறுவனத்தில் வேதியியலாளராகப் பணியாற்றினார். 1963இல் மஹிமாவை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள். பின்னர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1972இல் நிகழ்ந்த சாலை விபத்தில் மஹிமாவின் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, தோளுக்குக் கீழ் உடல் செயலிழந்தது. 2008இல் மறையும்வரை அவர் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். மனைவியைப் பராமரிப்பதும் ஆலைப் பணியும் போக எஞ்சிய நேரத்தில்தான் தேவதாஸ் வரைந்தார். மனோகரின் கண்களைப் பாதித்த நோயும் இதற்கிடையில் முற்றிக்கொண்டு வந்தது. ஓய்வுக்குப் பிறகும் சென்னையிலேயே வசித்தார். ஆகவே மதுரை ஓவியங்கள் அந்நகரைவிட்டு நீங்கிய ஒருவர், அங்கு திரும்பத் திரும்பச் சென்று பார்த்து, நினைவில் வைத்திருந்து வரைந்தவை.

தேவதாஸுக்கு முன் மதுரையை வரைந்தவர்கள்

மதுரையை நிலக்காட்சியாகப் படமாக்கும் வழக்கம் ஐரோப்பியர்களிடமிருந்து தொடங்கியது. ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்தபோது மதுரைக்கு வந்தனர். காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் இருட்டறைக் கருவியைப் பயன்படுத்தித் துல்லியமான முன்வரைவுகளை உருவாக்கினர். அவற்றிலிருந்து உருவான 144 அச்சுப்படங்கள் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் லண்டனில் வெளியாயின. இடிந்த மாளிகையும் பிரம்மாண்டமான கோயிலும் அந்த வகை ஓவியங்களுக்கு விருப்பமான பொருள்கள். மனிதர்கள் அவற்றில் கட்டிடத்தின் அளவைக் காட்டும் சிறு உருவங்களாக நிற்பார்கள்.

1858இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையைப் பெரிய அளவிலான படங்களாக எடுத்தார். மீனாட்சியம்மன் கோயில், தெப்பக்குளம், அன்று சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகால் ஆகியவற்றின் பழைய நிலையை அறிய இன்றும் இப்படங்களே முதன்மையான சான்றுகள். பின்னர் நேப்பியர் ஆளுநராக இருந்த காலத்தில் மகால் பழுதுபார்க்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ் வார இதழ்களின் வழியாகக் கோட்டோவிய மரபு வலுப்பெற்றது. 'சில்பி' என்ற பெயரில் வரைந்த பி.எம். சீனிவாசன் (1919–1983), ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரில் கோயில் சிற்பங்களையும் மண்டபங்களையும் நுட்பமான கோடுகளில் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தார். சில்பியின் கவனம் சிற்பத்தின்மீதும் தெய்வ வடிவத்தின்மீதும் இருந்தது.

தேவதாஸ் இந்த இரு மரபுகளுக்கும் நெருங்கியவர். எனினும் இரண்டிலிருந்தும் விலகி நின்றார். டேனியல்களைப்போல அவரும் தொலைவுக்காட்சி விதிகளை நம்பினார். சில்பியைப்போல அவரும் கல்லின் நுணுக்கத்தைக் கோட்டால் காட்டினார். ஆனால் அவர் வரைந்தது தான் வளர்ந்த ஊரை. கோயிலுக்குத் தந்த அதே கவனத்தைத் தெருவுக்கும் வயலுக்கும் பாறைக்கும் தந்தார்.

நோயும் வரைமுறையும்

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா மரபணு வழியாக வரும் விழித்திரை நோய். உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. விழித்திரையில் மங்கலான ஒளியிலும் ஓரப்பார்வையிலும் உதவும் கோல் செல்கள் இந்நோயில் முதலில் அழிகின்றன. அதனால் நோயாளிக்கு முதலில் இரவுப்பார்வை குறைகிறது. பின் பார்வைப் பரப்பின் ஓரங்கள் இருள்கின்றன. ஒரு குழாயின் வழியே பார்ப்பதுபோல நடுவில் உள்ள சிறு வட்டம் மட்டும் எஞ்சுகிறது. நுணுக்கத்தையும் நிறத்தையும் காணும் கூம்பு செல்கள் நடுவிழித்திரையில் செறிந்திருப்பதால், அந்தச் சிறு வட்டத்துக்குள் பார்வை நெடுநாள் ஓரளவு கூர்மையாகவே இருக்கக்கூடும். இறுதியில் அதுவும் மங்குகிறது.

நிலக்காட்சி ஓவியருக்கு இதைவிடக் கடுமையான நோய் இல்லை எனலாம். வானம், தொடுவானம், முன்நிலம், பின்நிலம் ஆகியவற்றை ஒரே நேரத்தில் கண்ணால் அளந்து அவற்றின் விகிதத்தை முடிவுசெய்வதே நிலக்காட்சி ஓவியத்தின் முதல் படி. அகன்ற பார்வை இல்லாதவருக்கு அந்த முதல் படியே எட்டாது. மலையின் ஒரு முனையைப் பார்க்கும்போது மறுமுனை தெரியாது. தாளின் ஒரு மூலையில் கை இருக்கும்போது மற்ற மூலை இருண்டிருக்கும்.

அதே வேளையில் நுண்கோட்டோவியம் இந்நோய் விட்டுவைக்கும் பார்வைக்குப் பொருந்திவரக்கூடியது. வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்பது மிகுந்த வேறுபாட்டைத் தரும் இணை. மங்கும் கண்ணுக்கும் அது புலப்படும். ஒரு நேரத்தில் ஓர் அங்குலப் பரப்பில் மட்டும் கை வேலை செய்தால் போதும். தேவதாஸ் வலுவான விளக்கொளியில், உருப்பெருக்கி வில்லைகளின் துணையுடன், தாளின் சிறு சிறு பகுதிகளாக வரைந்தார். வரைய வேண்டிய இடங்களின் ஒளிப்படங்களை எடுத்துத்தர நண்பர்கள் உதவினர்.

துண்டுகளாக வரைந்தவை ஒரு முழுக் காட்சியாகப் பொருந்துவதற்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று வடிவகணிதம். மறைபுள்ளியும் தொடுவானக் கோடும் முடிவாகிவிட்டால், தொலைவில் நிற்கும் ஒரு தூணின் உயரத்தைக் கண்ணால் அளக்கத் தேவையில்லை, கணக்கிட்டுக் குறித்துவிடலாம். நீண்ட வீதிகளையும் தூண் வரிசைகளையும் காட்டும் அவருடைய ஓவியங்களில் இந்தக் கணக்கின் உறுதி தெரிகிறது. மற்றொன்று நினைவு. நோய் முற்றுவதற்கு முன் தெளிந்த கண்ணால் ஆயிரம் முறை பார்த்த இடங்களையே அவர் பெரும்பாலும் வரைந்தார். யானைமலையின் முழு வடிவத்தைக் காண அவர் விழித்திரையை நம்ப வேண்டியிருக்கவில்லை.

நிறமோ நிழல்பூச்சோ இல்லாத இந்த ஓவியங்களில் பொருள்களின் வேறுபாடு கோட்டின் போக்கால் மட்டுமே உணர்த்தப்படுகிறது. பாறைக்கு ஒரு வகைக் கோடு, ஓலைக்கு ஒரு வகை, நீருக்கு ஒரு வகை. கோடுகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெயில். மையில் ஒருமுறை விழுந்த கோட்டை எளிதில் அழிக்க இயலாது என்பதால் ஒவ்வொரு கோடும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அளவும் பொறுமையும் பழகிய வேதியியலாளரின் இயல்பு இந்த வரைமுறைக்குப் பொருந்தியது.

மதுரைச் சமவெளி

தேவதாஸ் வரைந்த பசுமையான மதுரைச் சமவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. வைகை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடக்கும். அந்த நீரைத் தேக்குவதற்காகவே பாண்டியர் காலம் முதல் கண்மாய்கள் வெட்டப்பட்டன. 1895இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்தது. பேரணையிலிருந்து பிரியும் கால்வாய் மதுரைக்கு வடக்கிலும் மேலூர்ப் பகுதியிலும் நெல்வயல்களை விரிவாக்கியது. தேவதாஸ் சிறுவனாகக் கண்ட நெல்வெளிகள் பலவும் அப்போது அரை நூற்றாண்டு வயதே ஆனவை.

அவர் மதுரையை நீங்கிய பின் அந்த நிலம் மீண்டும் மாறியது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. 1971இல் மதுரை மாநகராட்சியானது. நகரம் வடக்கிலும் கிழக்கிலும் பரவியபோது கண்மாய்களும் வயல்களும் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. மாட்டுச் சந்தையைக் குறிக்கும் மாட்டுத்தாவணி என்ற பெயர் இன்று பேருந்து நிலையத்தின் பெயராக மட்டுமே பலருக்கும் தெரியும். 2004இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உலகனேரியில் திறக்கப்பட்டது. அந்த ஊர்ப்பெயரிலேயே ஓர் ஏரி இருக்கிறது.

நகருக்குள் மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள் ஒருகாலத்தில் தொலைவிலிருந்தே வழிகாட்டும் அடையாளங்களாக இருந்தன. தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் உயரமுடையது. கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தும், கோபுரத்தைத் தடையின்றிக் காணும் இடங்கள் குறைந்துவிட்டன. தேவதாஸின் ஓவியங்களில் கோபுரங்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேல் எழுந்து நிற்கின்றன. கோயிலைத் தனியே பிரித்தெடுக்காமல் வீடுகளோடும் தெருக்களோடும் சேர்த்துக் காட்டுவது அவருடைய பார்வையின் இயல்பு.

யானைமலை

தேவதாஸின் மதுரை நிலக்காட்சிகளில் யானைமலைக்குத் தனியிடம் உண்டு. மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டிச் சில கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த ஒற்றைப் பாறைக்குன்று, துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப்போலத் தோன்றும். இங்குள்ள குகைத்தளத்தின் தமிழ்பிராமிக் கல்வெட்டு இதை 'இவகுன்றம்' என்று குறிப்பிடுகிறது. 'இவம்' என்பது யானை. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக மக்கள் இந்தப் பாறையில் ஒரே உருவத்தைக் கண்டு வந்திருக்கிறார்கள்.

மலையில் சமணர் படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. அடிவாரத்தில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சரான மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டு பொது ஆண்டு 770ஐச் சேர்ந்தது. மலையடியில் 1965இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியின் வயல்கள் இன்றும் உள்ளன.

ஓவியருக்கு யானைமலை கடினமான பொருள். அதில் காடு இல்லை, அருவி இல்லை, சிகரம் இல்லை. கிடைமட்டமாக நீண்ட, மழமழப்பான ஒரே பாறை. அதன் பெருமை அளவிலும், வெயில் நகரும்போது மாறும் நிழலிலும் இருக்கிறது. நிறமின்றிக் கோடுகளால் மட்டும் அந்தக் கனத்தைக் காட்ட, பாறையின் வளைவைத் தொடர்ந்து செல்லும் ஆயிரக்கணக்கான நுண்கோடுகள் தேவைப்படுகின்றன.

2010இல் யானைமலையில் பன்னாட்டுச் சிற்ப நகரம் அமைக்கும் அரசின் திட்டம் பற்றிய செய்தி வந்தபோது, சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். மலை வெட்டப்பட்டுவிடும் என்று அஞ்சினர். திட்டம் கைவிடப்பட்டது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகளால் குன்றுகள் அழிந்ததும், 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் இதே சூழலைச் சேர்ந்தவை. மதுரையின் குன்றுகள் அழியக்கூடியவை என்ற உணர்வு பரவிய காலத்தில், அவற்றை வரைந்துவைத்த ஓவியரின் பணி கூடுதல் பொருள் பெற்றது.

நூல்கள்

தேவதாஸ் ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய நூல்களில் ஓவியமும் எழுத்தும் இணைந்தே வருகின்றன.

'கிரீன் வெல் இயர்ஸ்' (1997) தன்வரலாற்றுச் சாயல்கொண்ட நாவல். சுந்தர் என்னும் சிறுவன் 1940களின் மதுரையில் வளர்வதைச் சொல்கிறது. தலைப்பிலேயே ஒரு கிணறு இருக்கிறது. நாட்டு விடுதலைக் காலத்து மதுரையின் தெரு, பள்ளி, நட்பு, விளையாட்டு ஆகியவை ஆசிரியரின் கோட்டோவியங்களுடன் பதிவாகியுள்ளன.

'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' (2007) மதுரை ஓவியங்களின் தொகுப்பு. கோயில், மகால், தெப்பக்குளம், குன்றுகள், ஊர்ப்புறங்கள் ஆகியவற்றின் ஓவியங்களுடன் அவ்விடங்களின் வரலாறும் ஓவியரின் நினைவுகளும் சேர்ந்துள்ளன. மதுரையைப் பற்றிய அவருடைய பார்வையை அறிய முதன்மையான நூல் இது.

'ட்ரீம்ஸ், சீசன்ஸ் அண்ட் ப்ராமிசஸ்', 'எ போயம் டு கரேஜ்' ஆகியவை மஹிமாவையும் அவர்களுடைய மணவாழ்வையும் பற்றியவை. கட்டிடக் கலைஞர் சுஜாதா சங்கருடன் இணைந்து உருவாக்கிய 'மெட்ராஸ் இங்க்ட்' சென்னையின் பழைய கட்டிடங்களின் ஓவியங்களைக் கொண்டது.

வாழ்த்து அட்டைகளும் அறப்பணியும்

தேவதாஸின் ஓவியங்கள் பரவலாக மக்களிடம் சென்றது கலைக்கூடங்களின் வழியாக அல்ல, வாழ்த்து அட்டைகளின் வழியாக. மனோகர் வரைந்த பாரம்பரியக் கட்டிடங்கள், இடங்களின் ஓவியங்கள் அட்டைகளாக அச்சிடப்பட்டன. அவற்றுக்கான குறிப்புகளை மஹிமா எழுதினார். விற்பனையில் கிடைத்த தொகை அறப்பணிகளுக்குச் சென்றது.

ஏழை நோயாளிகளின் கண் சிகிச்சைக்கு அவர்கள் உதவினர். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மஹிமாவின் பெயரில் அறக்கட்டளை நிதி வழங்கப்பட்டது. தன் கண்நோய்க்குத் தீர்வு இல்லை என்பதை அறிந்தவர், தீர்வு உள்ள கண்புரைக்காகத் தன் ஓவியங்களால் நிதி திரட்டினார்.

பார்வை குறைந்த பிற ஓவியர்கள்

ஓவிய வரலாற்றில் பார்வைக் குறைபாட்டுடன் வரைந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளின் ஓவியங்களில் நிறங்கள் செம்மையேறி, உருவங்கள் கரைந்து காணப்படுகின்றன. கண்புரை முழுக் காட்சியையும் கலங்கச் செய்யும் நோய். ஆகவே மோனேவின் நிலமும் நீரும் கலங்கின.

சாந்திநிகேதனின் வினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) பிறப்பிலேயே பார்வைக் குறைபாடு உடையவர். 1950களில் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன்பிறகு காகிதத்தை வெட்டி ஒட்டியும், ஓடுகளைப் பதித்தும், தொடுவுணர்வை நம்பிப் படைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார்.

மோனேவிடம் நோய் ஓவியத்தின் தோற்றத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. முகர்ஜி வேறு ஊடகத்துக்கு மாறினார். தேவதாஸ் மாறவில்லை. ஓவியரைப் பற்றி அறியாத ஒருவர் அவருடைய மதுரை ஓவியங்களைப் பார்த்தால், அகன்ற பார்வை இல்லாதவர் வரைந்தவை அவை என்று ஊகிக்க இயலாது.

மதிப்பீடு

தேவதாஸின் ஓவியங்களை மதுரையின் வரலாற்று ஆவணமாகக் கொள்ளலாமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. டிரைப்பின் ஒளிப்படம் 1858இல் ஓர் இடம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று. தேவதாஸின் ஓவியம் அந்த வகைச் சான்று அல்ல. அதில் அண்மைக்கால ஒளிப்படமும் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நினைவும் கலந்திருக்கின்றன. ஓவியர் விரும்பாததை விட்டுவிடவும் கோட்டோவியம் இடம்கொடுக்கிறது. நெரிசலும் குப்பையும் விளம்பரத் தட்டிகளும் நிறைந்த மதுரையை அறிய இவற்றை நாட முடியாது. கிராமத்தின் வறுமையையும் சாதிப் பிரிவினையையும் வயல்வெளியின் அழகு மறைத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை எல்லா நிலக்காட்சி ஓவியங்களுக்கும் பொருந்துவதுபோல இவற்றுக்கும் பொருந்தும்.

ஆயினும் வேறொரு வகையில் இவை சான்றுகள். ஓர் ஊரில் வளர்ந்தவர் அந்த ஊரில் எவற்றை மறக்க முடியாதவை என்று கருதினார் என்பதை இவை காட்டுகின்றன. டேனியல்களின் படங்களில் மதுரை என்பது மகாலும் கோயிலும். தேவதாஸிடம் அது கோயிலிலிருந்து குன்றுவரை நீளும் ஒரே நிலம். நகரத்தையும் அதன் சமவெளியையும் பிரிக்காமல் கண்ட தலைமுறையின் பார்வை அது. நகரம் பரவி இரண்டுக்கும் இடையிலான வெளி நிரம்பியபின் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பார்வை இயல்பாகக் கிடைப்பதில்லை.

மறைவு

மனோகர் தேவதாஸ் இறுதி ஆண்டுகளில் பார்வையை முற்றிலும் இழந்தார். டிசம்பர் 7, 2022 அன்று சென்னையில் தன் 86ஆம் வயதில் மறைந்தார்.

வரலாற்று இடம்

மதுரையின் நிலக்காட்சியை அந்த மண்ணில் வளர்ந்தவரின் பார்வையில், ஒரு முழு வாழ்நாளின் பணியாக வரைந்தவர் மனோகர் தேவதாஸ். கலைக் கல்லூரி, கலைக்கூடம், ஓவியச் சந்தை ஆகியவற்றுக்கு வெளியே, நூல்களும் வாழ்த்து அட்டைகளும் வழியாகத் தன் பார்வையாளர்களை அடைந்தார். தமிழகத்தில் நவீன ஓவியம் பெரும்பாலும் மனித உருவத்தையும் குறியீட்டையும் அரூபத்தையும் நோக்கிச் சென்ற காலத்தில், கண்முன் உள்ள நிலத்தைத் துல்லியமாக வரையும் பழைய பணியை அவர் விடாமல் செய்தார். ஓரப்பார்வையை இழந்த கண்ணால், கணக்கையும் நினைவையும் துணைக்கொண்டு, அகன்ற நிலக்காட்சிகளைத் துண்டு துண்டாகக் கட்டியெழுப்பிய அவருடைய வரைமுறை இந்திய ஓவிய வரலாற்றில் தனியாக ஆராயத்தக்கது.